வழுதி கேட்ட பெட்டி

சிக்னல் இல்லை. நீலத் திரையில் ஒரு சின்னப் பட்டைக்குள் அந்த இரண்டு வார்த்தையும் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மிதந்து போகின்றன, முட்டுகின்றன, திரும்புகின்றன. நான் டிவி மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறேன், வலது முழங்கால் மரத்துவிட்டது, மின்விசிறிக் காற்று இந்தச் சந்துக்குள் வருவதில்லை, கழுத்தில் வியர்வை ஊர்கிறது. உள்ளே என் மகன் எழிலின் அறையில் என் தம்பி வழுதி தூங்குகிறான். குறட்டை கேட்கிறது. கேட்கிறவரை நல்லது. மத்தியான மாத்திரை போட்டால் நாலு மணி வரை எழுந்திருக்க மாட்டான், அதற்குள் இதை முடித்துவிட வேண்டும், முடித்துவிட்டால் போதுமா, முடித்தபின் அவன் எழுந்துவந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்காமல் இருக்கத்தான் இந்த ஒயரையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனோ. மனநல இல்லத்திலிருந்து அவனை அழைத்துவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் சரி, போதும், தண்ணி, அவ்வளவுதான். நேற்றுக் காலை இட்லித் தட்டைப் பார்த்தபடியே, என்னிடம் கேட்கிற மாதிரியும் இல்லாமல், "அந்தப் பெட்டி இருக்காக்கா?" என்றான். நான் யோசிக்கவே இல்லை. இருக்குடா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டிவில போட்டுத் தர்றேன் என்று வேறு சொல்லிவிட்டேன். அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான், அம்மா செத்த வீட்டில்கூட அப்படி நேராகப் பார்க்கவில்லை, அந்தப் பார்வைக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்போல இருந்தது, ஆனால் டிவி என்று சொன்ன வாயை அப்போதே மூடிக்கொள்ளவும் தோன்றியது.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பரீட்சை அட்டையைவிடச் சின்னது, கறுப்பு, மேலே அழிரப்பர் மாதிரி சாம்பல் பொத்தான்கள், அதற்கென்று ஒரு திரை கிடையாது. டிவியில் ஏரியல் போகிற துளையில் இதன் ஒயரைச் சொருகினால் டிவியே இதற்குத் திரை. வழுதி இன்ஜினியரிங் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்பைச் சேர்த்துவைத்து மெட்ராஸ் போய் வாங்கிவந்த கம்ப்யூட்டர், லால்குடியில் எங்கள் தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர், பார்க்க வந்தவர்கள் எல்லாம் எங்கே கம்ப்யூட்டர், இதுவா என்று கேட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்து நான் அங்கே இருந்தபோது, எழில் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, அவன் அந்த டிவித் திரையில் எழில் என்று தமிழில் வரவழைத்தான். அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளியாக வரைந்து, எந்தக் கட்டம் கறுப்பு எந்தக் கட்டம் வெள்ளை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். ழி மட்டும் கொஞ்சம் கோணல். ழவுக்கு எட்டுக் கட்டம் பத்தலக்கா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போனது, மாத்திரைக்கு அடியில் எங்கேயாவது இருக்குமா. அது நடந்ததும் லால்குடியில் அதே டிவியில்தான், அதே ஹாலில்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இருபது நாள் இருக்குமா, ஒரு மாதம் இருக்குமா.

மேனுவல் சர்ச். ரிமோட்டை மேசைக்கு மேலே நீட்டிப் பிடித்து, எட்டிப் பார்த்து, அழுத்துகிறேன். எண்கள் ஓடுகின்றன. ஒரு கணம் புள்ளிப் புள்ளியாக மழை, அதற்குள் ஏதோ ஒரு வெளிச்சம் படுத்துப் புரண்ட மாதிரி, பெட்டிதான், பெட்டியேதான், அதற்குள் டிவி அதை அழித்துவிட்டு நீலத்தைப் போட்டுவிட்டது. சிக்னல் இல்லை. இருக்கிறது, நான் பார்த்தேன். பழைய டிவி இப்படிச் செய்யாது. அதற்குக் கிடைத்ததைக் காட்டும், மழையோ, ஆட்டமோ, பாதி முகமோ. இந்தப் புது டிவி தனக்குச் சந்தேகம் வந்தால் எதையுமே காட்டாமல் மூடிவிடுகிறது. மறுபடி அழுத்துகிறேன். எண்கள். மழை. நீலம். வழுதி முதலில் டிவியைத்தான் சொன்னான். செய்தி வாசிக்கிற பெண் நிறுத்துகிற இடமெல்லாம் எனக்காக நிறுத்துறாக்கா என்றான். நான் விளையாட்டு என்று நினைத்து, அழகா இருக்கா, நிறுத்தினா என்ன என்றேன். அவன் சிரிக்கவில்லை. பிறகு, டிவி நாம பேசறதையெல்லாம் கேக்குதுக்கா, மெதுவாப் பேசு என்றான். பிறகு அவங்க வந்துட்டாங்க என்றான். யார் என்று அப்பா கேட்டதற்கு அவங்கதான் என்றான். இன்றுவரை அவனுக்கு அவர்கள் அவங்கதான், பெயர் இல்லை. ஒரு சாயங்காலம் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி டிவியின் மேல் எறிந்தான். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் இல்லை, வீடே உள்வாங்கி வெடித்த மாதிரி. ஹால் உத்தரத்தில்தான் தொட்டில். ஓடிப்போய் விலக்கிப் பார்க்கிறேன், எழில் கண்ணை மூடித் தூங்குகிறான், அவன் காதுக்குப் பக்கத்தில் துணியில் நகத்தளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு, டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னுகிறது. வழுதி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நிற்கிறான். அவன் யாரையும் அடித்ததில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை, இதை நான் என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தச் சில்லு என் கண்ணுக்குள் மின்னும், குரல் தானாக இறங்கிவிடும், அவர் அதைக் கவனித்துவிடுவார்.

தெருவில் காய்கறி வண்டி வந்துவிட்டது. தக்காளி, சின்ன வெங்காயம், நாட்டுக் கத்திரிக்காய், வாங்கம்மா வாங்க. பதிவு செய்த குரல். மூச்சு வாங்காத குரல். தக்காளி, சின்ன வெங்காயம், நாட்டுக் கத்திரிக்காய். இங்கே திருச்சியில் இத்தனை வருடமாக இந்த வண்டி போகிறது, இந்த வாரம்தான் அது எனக்குக் காதில் விழுகிறது. வாங்கம்மா வாங்க. அவனுக்கு அது என்ன சொல்கிறதாகக் கேட்கும். குறட்டையைத் தேடுகிறேன், வண்டிச் சத்தத்துக்கு அடியில் அது இருக்கிறதா, இருக்கிறது, போ, சீக்கிரம் அடுத்த தெருவுக்குப் போ. டிவி நாம பேசறதைக் கேக்குது என்று சொன்னதற்குத்தான் அவனுக்கு முதல் ஊசி போட்டார்கள், நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். போன தீபாவளிக்கு எழில் பெங்களூரிலிருந்து வந்து இந்த டிவியை மாட்டிவிட்டு என்ன சொன்னான்? அம்மா, இனிமே ரிமோட்டே வேணாம், நீங்க பேசறதை டிவியே கேட்டுக்கும். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் நல்லாயிருக்குடா என்றேன். வழுதி வருவதற்கு முதல்நாள் எழிலுக்குப் போன் போட்டு அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டு நிறுத்தினேன். "அது வெறும் மைக்தாம்மா, மாமாவுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது" என்றான். தெரியும்டா, உங்கள் எல்லாரையும்விட அவனுக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. டிவிக்கு அடியில் ஒரு சின்னப் பொத்தான், அதை நகர்த்தினால் சிவப்பு விளக்கு எரியும், எரிந்தால் கேட்கவில்லை என்று அர்த்தமாம். நம்பிக்கை வராமல் அந்தத் துளைகளின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டிவைத்தேன். ஒட்டும்போது யாராவது பார்த்தால் எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது, ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, இந்த அறுபது வயதிலும் குளியலறையில் தண்ணீர் விழும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தால் குழாயை மூடிவிட்டு நின்று கேட்கிறேன்.

செருப்புச் சத்தம். என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம், தூங்கி எழுந்த முகம், சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீரோடு வந்து நிற்கிறார்.

"இன்னும் முடியலையா?"

"ஏரியல் வழியா வரமாட்டேங்குதுங்க. வந்து வந்து போயிடுது. உள்ள தொறந்து நேரா ஒயர் எடுக்கணும்."

அவர் அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறார். எழிலின் அறைப் பக்கம் ஒரு பார்வை. அந்தக் கதவின் உள் தாழ்ப்பாளைப் போன வாரம் அவரே கழற்றினார், டாக்டர் சொன்னது, கழற்றிய இடத்தில் நான்கு ஓட்டை.

"கோதை, நான் ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. எதுக்கு இது? அவன் பாட்டுக்கு இருக்கான். சாப்பிடுறான், தூங்குறான். நீயாப் போயி எதையாவது கெளப்பிவிட்டுட்டா?"

"அவன்தான் கேட்டான்."

"எழிலு அஞ்சு வயசுல தண்டவாளத்துல நடக்கணும்னு கேட்டான். கூட்டிட்டுப் போனியா?"

"டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டேன். அவராக் கேட்டது நல்ல விஷயம்தான், குடுங்க, பக்கத்துல இருந்து பாத்துக்குங்கன்னாங்க."

"பக்கத்துல இருக்கப்போறது அவங்க இல்ல, நாம." குரலை இன்னும் தாழ்த்திக்கொள்கிறார். "ஒரு மாசம் பாப்போம்னு பேசியிருக்கோம். ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

போகிறார். திரும்பி வருகிறார். சோபாவிலிருந்து ஒரு குஷனை எடுத்து மேசைக்கு மேலாக நீட்டுகிறார். "முட்டிக்குக் கீழ வச்சுக்க. அப்புறம் ராத்திரி வலிக்குதும்பே."

இதுதான் அவர். ஒரு மாதம் என்று சொல்வதும் அவர், குஷன் கொடுப்பதும் அவர். அவரை எதிரியாக நினைத்துவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், அது முடியவில்லை. ஒரு மாதம் என்றால் அடுத்த மாதம் பதினைந்து, அதற்குள் என்ன நடந்தால் அவன் இருக்கலாம், என்ன நடந்தால் போகவேண்டும் என்று நாங்கள் பேசவில்லை. பேசினால் அந்த வார்த்தை வந்துவிடும், டிவி என்றோ கண்ணாடி என்றோ. இல்லம் மோசம் என்று சொல்லமாட்டேன். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மாலையில் ஹாலில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் பெரிய டிவியைப் போடுவார்கள், சீரியலுக்கு மேல் சீரியல், நான் போகும்போதெல்லாம் வழுதி கடைசி வரிசையில் தலையைக் கவிழ்த்து, கட்டைவிரலால் காதுக்குழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே வந்ததிலிருந்து நாங்கள் டிவியே போடவில்லை. இவர் செய்தி பார்க்காமல் இருப்பது எனக்குத் தெரிகிறது. விரல் ரிமோட்டைத் தேடித் தேடி நிற்பது தெரிகிறது. அதற்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு மாதம்.

தரையில் செய்தித்தாளை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்து வைக்கிறேன். ஐந்து திருகு. திருப்புளி நழுவுகிறது, கை ஈரம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருடம் ஒயரோடு ஒயராகக் கிடந்தவள் நான், ஆயிரக்கணக்கான ஜோடி ஒயர், எந்த வீடு எந்த ஜோடி என்று கை தானாகப் போகும், லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இடையில் சோதனை போனின் கொக்கியை மாட்டினால் யாரோ இரண்டு பேர் பேசுவது காதில் விழும். மருந்து வாங்கியாச்சா, பையன் எப்படி இருக்கான், சத்தியமா நான் அப்படிச் சொல்லல. கழற்றிவிடவேண்டும், கழற்றிவிடுவேன். ஆனால் அந்த ஓரிரு வாக்கியம் சில நாள் வீடுவரை கூடவே வரும். இதை வழுதியிடம் சொன்னதில்லை. உனக்குக் கேட்ட மாதிரி எனக்கும் கேட்கும்டா, எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது. மேல்மூடி விட்டுக்கொடுக்கிறது. மெல்ல, மெல்ல. மூடிக்கும் பலகைக்கும் நடுவே பொத்தான்களிலிருந்து வருகிற இரண்டு பட்டை, மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் மாதிரி மெலிசு. அவற்றைச் சொருகியிருக்கிற இடத்திலிருந்து உருவ வேண்டும். ஒன்று வந்துவிட்டது. இரண்டாவது. டிக். சின்னச் சத்தம்தான், அப்பளம் ஓரம் உடைந்த மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், பட்டையின் ஓரத்தில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. காய்ந்துபோயிருக்கிறது, வயசு, நான் தொடாமல் இருந்தாலும் நாளைக்கு அதுவே உடைந்திருக்கும், இல்லை, தொட்டதால்தான் உடைந்தது. திறக்காமல் இருந்திருந்தால் படம் வராது. திறந்தால் பொத்தான் போகிறது. இரண்டில் எது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அம்மா ஏன் இதை வைத்திருந்தாள். அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுததாலதான் புள்ளைக்கு மூளை கலங்கிப்போச்சு என்று அப்பா சாகிறவரை சொன்னார். ராப்பகலா அதையே வெறிச்சுப் பாத்தா என்னத்துக்கு ஆகும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பினேன், இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேனோ என்னவோ, நம்பிக்கொண்டேதான் இதைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா இதைக் கிணற்றில் போடச் சொன்னார். போட்டுட்டேன் என்று அம்மா சொன்னாள். போன வருடம் அம்மா போய், வழுதியை இல்லத்தில் விட்டபின் லால்குடி வீட்டை ஒழிக்கும்போது பரணில் பழைய அரிசி டிரம்முக்குள், அவளுடைய கத்திரிப்பூ நிறப் புடவை ஒன்றில் சுற்றி இது கிடந்தது, கூடவே அடாப்டர், ஒயர், எல்லாம். வழுதி கேட்டு அவள் எடுத்துக் கொடுத்தாளா, அவன் கேட்கவே இல்லையா. அந்த வீட்டில் இரண்டு பேர் மட்டும் அத்தனை வருடம் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமை போவேன், மீன் வாங்கிக்கொண்டு போவேன், சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன்.

சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டது. உள்ளே ஓரமாக ஒரு தகர டப்பா, படத்தை ஏரியல் அலையாக மாற்றி அனுப்புவது அதுதான், இன்றைக்கு அந்த வேலை வேண்டாம். அதற்குள் போகிற இரண்டு ஒயரையும் கழற்றி, படம் வருகிற ஒயரை நேராக வெளித்துளையில் பற்றவைத்தால் அந்தத் துளையிலிருந்து படம் படமாகவே வரும். அதைச் சிங்காரத்தோப்பில் வாங்கிய இந்த மாற்றுப் பெட்டிக்குள் கொடுத்தால் அது புது டிவிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடுக்கும். கடைக்காரர் எதுக்கும்மா, பழைய வீடியோ பிளேயரா, கல்யாண கேசட்டா என்று கேட்டார். ஆமா என்றேன். ஈயம் உருகி உருண்டு ஒயரின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. புகை மூக்கில் ஏறுகிறது, பழைய வாசனை, ஒரு கணம் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி, ஏதோ ஒரு லைன் சரியாகி யாரோ ஹலோ சொல்லப்போகிற மாதிரி. ஆள்காட்டி விரலில் சுட்டுக்கொண்டேன். வாயில் வைத்துக்கொள்கிறேன். அடாப்டர் பழையது வேண்டாம், புதிது, ஆனால் இந்தப் பெட்டிக்கு முனையில் உள்ளே மைனஸ், வெளியே பிளஸ், இன்றைய அடாப்டருக்கெல்லாம் நேர் எதிர். அப்படியே சொருகினால் ஒரு நொடியில் கருகிவிடும். ஒயரை வெட்டி மாற்றிக் கட்டியாயிற்று. மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். சரி. மறுபடி பார்க்கிறேன். சரி. வெளியே பிளஸ்தானே. மூன்றாவது தடவை பார்க்கிறேன். இவ்வளவு பார்க்கிறவள் அன்றைக்கு, செய்தி வாசிக்கிறவள் எனக்காக நிறுத்துகிறாள் என்று அவன் சொன்ன அன்றைக்கு, ஒரு தடவையாவது அவன் முகத்தை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தால். வேண்டாம். அந்தப் பக்கம் போகாதே. பட்டைகளைச் சொருகு. வெடித்த ஓரத்தைத் துளி வெட்டிவிட்டுச் சொருகு. போகிறதா, போகிறது. மூடு. திருகு.

டிவியில் இன்புட் மாற்றுகிறேன். நீலம். மாற்றுப் பெட்டியில் சின்ன விளக்கு எரிகிறது. அடாப்டர் சுவிட்சின் மேல் விரல். சத்தத்தை முழுக்கக் குறைத்தேனா, குறைத்தேன், பூஜ்யம். ஒருவேளை படம் வந்து அவனைப் பார்த்தவுடனே ஏதாவது சொல்லிவிட்டால். பெட்டிக்குப் பேசத் தெரியாது கோதை. டிவிக்குத் தெரியும். டிவியின் வாயை நான் அடைத்துவிட்டேன். அடைத்தது அடைத்ததுதானா. அடுத்த மாதம் பதினைந்து. தொட்டில் துணி. போடு. போட்டுவிட்டேன்.

கறுப்பு. செங்குத்தாகச் சில கோடுகள் ஒரு நொடி நடுங்கின. பிறகு ஐம்பத்தைந்து இஞ்ச் முழுக்க வெள்ளை. ஹால் சுவரெல்லாம் வெளுத்துவிட்டது. அடியில் ஒரே ஒரு வரி, கம்பெனி பெயரும் ஒரு பழைய வருடமும், எழுத்தின் ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கிறது, ஆனால் நிற்கிறது, ஆடவில்லை, போகவில்லை. வந்துவிட்டது. வந்தேவிட்டது, வழுதி, வந்துவிட்டதுடா என்று உள்ளே நான் கத்துகிறேன், கத்தும்போதே ஏதோ குறைகிறது, என்ன குறைகிறது, ஹாலில் மின்விசிறி ஓடுகிறது, தெருவில் யாரோ வண்டி ஸ்டார்ட் செய்கிறார்கள், குறட்டை. குறட்டை இல்லை. எப்போது நின்றது. மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிறேன், முழங்கால் கேட்கவில்லை, மேசையைப் பிடித்து எழுந்து திரும்பினால் வழுதி அறை வாசலில் நிற்கிறான். லுங்கி, கசங்கிய பனியன், ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கிற நரைமுடி. கண் என்மேல் இல்லை. திரையின்மேல்.

"வழுதி, ஒண்ணுமில்லடா. சும்மா போட்டுப் பாத்தேன். வேணாம்னா உடனே ஆஃப் பண்ணிடறேன். சத்தம்கூட வைக்கல. பாரு, சத்தமே இல்ல."

அவன் மெல்ல நடந்து வந்து டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மாத்திரையால் அவன் விரல்கள் எப்போதும் மெலிதாக நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த விரல் தேடாமல் போய் ஓரப் பொத்தானை அழுத்தியது. அடியில் இருந்த வரி அழிந்தது. அதன் இடத்தில், இடது ஓரத்தில், ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் வந்து சிமிட்டத் தொடங்கியது, அதற்குள் ஒரு எழுத்து. வேறெதுவும் இல்லை. அவ்வளவு பெரிய வெள்ளையில் அந்தச் சிமிட்டல் மட்டும். அவன் இன்னொரு பொத்தானை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. பக்கத்துப் பொத்தான். ஒன்றும் வரவில்லை. வாசலில் இவர் வந்து நிற்பதைப் பார்க்காமலே தெரிகிறது.

"அந்த வரிசை வேலை செய்யலடா. தொறக்கும்போது பட்டை விட்டுப்போச்சு. நான்தான் இழுத்துட்டேன். புதுப் பட்டை கெடைக்கும், ஆன்லைன்ல வரவழைச்சுடலாம், நீ ஏதாவது எழுதணும்னா அதுவரைக்கும்..."

"எழுதலக்கா."

"என்னது?"

"ஒண்ணும் எழுதல. இது போதும்." கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் சிமிட்டலைப் பார்த்தான். பேச்சு மெதுவாக, நடுநடுவே நின்று நின்று வந்தது. "இது தானா ஒண்ணும் சொல்லாது. நாம ஏதாவது சொன்னாத்தான் சொல்லும். அதுவரைக்கும் சும்மா நிக்கும்."

எங்கே ஒரு வார்த்தை சொன்னால் இவன் பேச்சு நின்றுவிடுமோ என்று மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுகிறேன்.

"டிவில இது இருக்கறப்ப அவங்க வரமாட்டாங்கக்கா. அவங்களுக்கு எடம் இருக்காது. அப்பா நியூஸ் பாக்கணும்னு இதைப் பிடுங்கிடுவாரு. அப்பத்தான் வருவாங்க."

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வராது என்று சொல்கிற மாதிரி சொன்னான். யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை. ராப்பகலாக அதையே வெறித்துப் பார்த்தானே. வெறித்துத்தானே பார்த்தான். அதை விட்டால் வேறு எங்கே போவான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவன் மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தை இடித்துவிட்டு, இதனால்தான் நனைந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ. தெரிந்திருந்தால் டிரம்முக்குள் வைத்திருக்க மாட்டாள், தெரியாமல் இருந்திருந்தால் கிணற்றில் போட்டிருப்பாள், பாதி தெரிந்திருக்கும். இத்தனை வருடத்தில் நான் அவனிடம் ஒரு முறைகூடக் கேட்காததை என் வாய் கேட்கிறது.

"இப்ப வர்றாங்களா?"

இவர் வாசலில் அசைந்தார். வழுதி யோசித்தான், காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்து.

"இருக்காங்க. தூரத்துல." பிறகு என்னைப் பார்த்தான். "இப்ப நீ பேசறது நல்லாக் கேக்குதுக்கா. ஏதாவது பேசேன்."

மத்தியானத்திலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன் எனக்குள், ஒரு நிமிஷம் வாய் மூடவில்லை, இப்போது பேசு என்றவுடன் ஒரு வார்த்தை இல்லை. காப்பி வேணுமா என்று கேட்கலாம். எழில் பேர் எழுதினியே ஞாபகம் இருக்கா என்று கேட்கலாம். அதற்குள் இவர் உள்ளே வந்தார். சோபாவுக்குப் போகிற வழியில் தரையில் குறுக்கே கிடந்த ஒயர் அவர் காலில் மாட்டியது. குனிந்து எடுத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையில் அதைப் பிடித்துக்கொண்டு, பெட்டியிலிருந்து டிவிவரை, டிவியிலிருந்து சுவர்வரை அது போகிற வழியைப் பார்த்தார்.

"இப்படிக் கெடந்தா எல்லாருக்கும் தடுக்கும். சுவத்தோட சேத்து கிளிப்பு அடிச்சிரணும். நாளைக்குக் காலைல அடிச்சிடறேன்."

நான் அவரைப் பார்க்கிறேன். பெயின்ட் அடித்ததிலிருந்து காலண்டருக்குக்கூட ஒரு ஆணி அடிக்க விடாத மனிதர். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வழுதிக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து, அவரும் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தார்.

"மாப்ள, சுத்தியல்ல அடிக்கறப்போ டங்கு டங்குன்னு சத்தம் வரும். ஒனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

வழுதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது வெளியிலேர்ந்து வர்ற சத்தம்தான மாமா. பரவால்ல."